பைத்தான் மட்டும் போதுமா?

பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கும் பெற்றோர் பலரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், பைத்தான் மட்டும் படிச்சாப் போதாதா? சி, சி பிளஸ் பிளஸ் எல்லாம் பழைய சமாச்சாரம்தானே?" என்பதே அந்தக் கேள்வி. மூன்று மாதப் படிப்பு, ஆறு மாதப் படிப்பு என்று விளம்பரங்கள் வருகின்றன. கட்டணமும் குறைவாக இல்லை. வெளியூரில் வந்து குடியேறி, வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பி வாழும் குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எது போதும் என்று தெரிந்துகொண்டுதானே செலவு செய்ய முடியும்?

நான் கொல்லயில் ஊராட்சியில் வசிப்பவன். ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை, மறுபக்கம் பாறசாலை. அதற்கும் அப்பால் களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களில் கேரளப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களும் உண்டு. தினமும் பஸ் ஏறி மார்த்தாண்டம் பக்கம் போய்த் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களும் உண்டு. இந்த அனுபவத்தில் என் கருத்தைச் சொல்கிறேன். பைத்தானில் தொடங்குவது நல்லது. பைத்தானோடு நின்றுவிடுவது போதாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பைத்தான் என்பது கைடோ வான் ராசம் என்ற நெதர்லாந்துக்காரர் 1991-இல் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி. படிக்க எளிது, எழுத எளிது. ஆனால் வேகம் குறைவு. இரண்டு எண்களைக் கூட்டு என்று சொன்னால், அது முதலில் இது எண்தானா, எந்த வகை எண், இதைக் கூட்டுவதற்கு எந்த வழி என்று பார்த்து, பிறகு கூட்டி, விடையைப் புதிதாக ஓரிடத்தில் வைக்கும். இரண்டு எண்ணுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பத்து லட்சம் எண்களைக் கூட்டும்போது இத்தனை விசாரணையும் பத்து லட்சம் தடவை நடக்கும்.

அப்படியானால் வானிலைக் கணிப்புக்கும், வங்கிக் கணக்குக்கும், இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் எப்படிப் பைத்தானைப் பயன்படுத்துகிறார்கள்? இங்கேதான் ரகசியம் இருக்கிறது. அந்தப் பெரிய கணக்குகளைப் பைத்தான் தானாகச் செய்வதில்லை. சி போன்ற மொழிகளில் எழுதி, கம்பைலர் மூலம் எந்திரத்தின் கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றி வைக்கப்பட்ட புரோகிராம்களிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறது. அந்தப் புரோகிராம்களைச் சுற்றிப் பைத்தானில் ஒரு மேலுறை போட்டு, லைப்ரரி என்ற பெயரில் நம் கையில் தருகிறார்கள்.

நெய்யாற்றின்கரை தாலுகா அலுவலகத்துக்கு ஒரு தமிழ்ப் பெரியவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மலையாளம் எழுதத் தெரியாது. ஒவ்வொரு சொல்லாக அவர் சொல்ல, ஒருவர் மொழிபெயர்த்து அதிகாரியிடம் சொல்லி, பதிலை மீண்டும் தமிழில் சொன்னால் பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பதிலாக, விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டு ஒரே மனுவாக எழுதி உள்ளே கொடுத்துவிட்டால் வேலை சுருக்கமாக முடியும். மேலுறை செய்வது இந்த மனு எழுதும் வேலையைத்தான். பத்து லட்சம் எண்களும் நினைவகத்தில் எங்கே தொடங்குகின்றன, எத்தனை எண்கள், எந்த வகை எண்கள் என்ற மூன்று விவரங்களை ஒரே தடவையில் கீழே சொல்லிவிடும். கீழே உள்ள சி புரோகிராம் யாரையும் எதுவும் கேட்காமல் ஒரே ஓட்டத்தில் கூட்டி முடித்து, விடையை மேலே அனுப்பும். இதனால் பத்து மடங்கு வேகம் கிடைப்பது சாதாரணம். சில கணக்குகளில் நூறு மடங்கும் கிடைக்கும்.

இத்தகைய லைப்ரரிகளில் மிகவும் பெயர் பெற்றது 'நம்பை'. நியூமரிக்கல் பைத்தான் என்பதன் சுருக்கம் அது. ஜிம் ஹுகுனின் என்பவர் 1995-இல் தொடங்கிய 'நியூமெரிக்' அதன் முன்னோடி. டிராவிஸ் ஒலிஃபன்ட் 2005-இல் அதையும் அதன் போட்டியாக இருந்த இன்னொன்றையும் ஒன்றாக்கினார். 2006-இல் நம்பையின் முதல் முழுப் பதிப்பு வந்தது. நம்பைக்கு அடியில் இருப்பது சி. அதற்கும் அடியில் போனால் இன்னும் பழைய அடுக்குகள் இருக்கின்றன. பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும்படி நம்பையிடம் கேட்டால், அது அந்த வேலையை 'லாபேக்' என்ற தொகுப்பின் வழிமுறைகளிடம் கொடுக்கிறது. லாபேக் 1992-இல் வெளியானது. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. லாபேக் தன் அடிப்படைப் பெருக்கல்களுக்கு 'பிளாஸ்' என்ற தொகுப்பை நம்புகிறது. பிளாஸின் முதல் பகுதி 1979-இல் வெளியிடப்பட்டது. ஃபோர்ட்ரானோ 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் கொண்டு வந்த மொழி. இன்று பரவலாகப் பயன்படும் 'ஓப்பன்பிளாஸ்' என்ற வடிவத்தில், ஒவ்வொரு வகை சிப்புக்கும் ஏற்றபடி எந்திர மொழிக்கு மிக நெருங்கிய அசெம்பிளியில் கையாலேயே எழுதப்பட்ட பகுதிகள் இருக்கின்றன.

"பழைய சமாச்சாரம்" என்று நாம் சொல்வது எங்கேயும் போய்விடவில்லை என்பது இதிலிருந்து தெரியும். இந்தக் கீழ் அடுக்குத் தொகுப்புகளை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜாக் டாங்காரா. கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதின் 2021-ஆம் ஆண்டுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படும் 'பைடார்ச்' போன்ற லைப்ரரிகளும் இதே அமைப்புதான். மேலே பைத்தான், கணக்குப் போடுவது அடியில் உள்ள சி பிளஸ் பிளஸ்.

"அதுதான் கீழே எல்லாம் யாரோ எழுதி வைத்துவிட்டார்களே, நம் பிள்ளை மேலே மட்டும் தெரிந்துகொண்டால் என்ன?" என்று கேட்கலாம். உண்மையில் மேலுறைகள் வந்ததே அதற்காகத்தான். 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற பேராசிரியர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலேயே பெரிய கணக்குத் தொகுப்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே 'மேட்லாப்' என்பதை உருவாக்கினார். மாணவரின் நேரம் மிச்சப்படுவது நல்ல காரியம். அதை நான் குறை சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஃபோர்ட்ரான் எழுத வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி என்று இருக்கும்போது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு விபரீதம் நடக்கக்கூடும். அதைப் புரிந்துகொள்ள நம்மைப் போன்றவர்களுக்குத் தனிப்பாடம் தேவையில்லை.

மதுரையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ கேரளத்துக்கு வந்த ஒருவரை வீட்டுக்காரர் "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டால் அவர் திகைத்துப் போவார். அவருக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் பெருகி ஊரை அடித்துக்கொண்டு போவது. இங்கே அது குடிக்கிற தண்ணீர். குமரி மாவட்டத்தார் மட்டும் திகைக்க மாட்டார்கள். அவர்கள் பேச்சிலும் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். "ஓர் அவசரம் தரணும்" என்று மலையாளத்தில் கேட்டால் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று பொருள். நமக்கோ அவசரம் என்றால் பதற்றம். நமக்குச் சம்சாரம் என்றால் மனைவி, அவர்களுக்குப் பேச்சு. இந்தச் சொற்களால் நடந்த வேடிக்கைகளை ஒவ்வொரு குடும்பமும் ஒரு கதையாக வைத்திருக்கும். கவனித்துப் பாருங்கள். தெரியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. தெரியாது என்பது நமக்கே தெரிவதால் கேட்டுவிடுகிறோம். இரண்டு மொழியிலும் இருக்கிற சொல்தான் ஏமாற்றுகிறது. புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு இருவரும் மேலே பேசிக்கொண்டு போகிறோம்.

கம்ப்யூட்டரிலும் இதுவேதான் நடக்கிறது. 'முழு எண்' என்ற சொல் பைத்தானிலும் உண்டு, சி மொழியிலும் உண்டு. பொருள் வேறு. பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. 2-ஐ நூறு தடவை பெருக்கினால் 31 இலக்கங்களில் விடை வரும்; ஓர் இலக்கம்கூடத் தப்பாது. சி மொழியிலோ முழு எண்ணுக்கு இத்தனை கட்டங்கள் என்று முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். 32 கட்டங்கள் என்றால் அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. அதற்கு மேல் ஒன்று கூடினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் கருவி முழுச் சுற்றுச் சுற்றித் தொடக்கத்துக்கு வருவதுபோல, எண் குறைக்குறியோடு மறுமுனைக்குப் போய்விடும்.

இதனால் என்ன வந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மனையை மில்லிமீட்டரில் கணக்கிட வேண்டும். 50,000-ஐ 50,000-ஆல் பெருக்கினால் 250 கோடி. இதை நம்பையின் எண் வரிசையில் போட்டு, இரண்டு பிள்ளைகள் இரண்டு இடங்களில் ஒரே புரோகிராமை ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொல்லயிலில் இருக்கிறார். கேரளப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனம் தரும் லினக்ஸ் இருப்பதால் அவர் லினக்ஸில் ஓட்டுகிறார். மற்றவர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு 250 கோடி என்று சரியான விடை வரும். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு, நம்பையின் 2024-க்கு முந்திய பதிப்பாக இருந்தால், குறைக்குறியோடு 179,49,67,296 என்று வரும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. ஒரு மனையின் பரப்பளவு சைபருக்குக் கீழே போய்விட்டது!

ஒரே புரோகிராம், ஒரே லைப்ரரி; ஏன் இந்த வித்தியாசம்? நம்பை தன் முழு எண்ணின் அளவைச் சி மொழியின் 'லாங்' என்ற வகையிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த லாங் 64-பிட் லினக்ஸில் 64 கட்டம்; விண்டோஸில் 32 கட்டம். அடியில் இருந்த மொழியின் வழக்கம், மேலுறையைத் தாண்டி மேலே வந்து எட்டிப் பார்த்தது. 2024 ஜூனில் வந்த நம்பையின் இரண்டாம் பதிப்பில்தான் 64-பிட் விண்டோஸிலும் 64 கட்டமாக மாற்றினார்கள். இப்போதும் எல்லை முற்றிலும் நீங்கிவிடவில்லை. 19 இலக்க எண் ஒன்றில் போய் நிற்கிறது. அதைத் தாண்டினால் இன்றும் அதே கதைதான்.

மேலடுக்கை மட்டும் கற்ற பிள்ளை இந்த இடத்தில் என்ன செய்யும்? திரும்பத் திரும்பத் தன் புரோகிராமையே பார்க்கும். அதில் தவறு இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பது சரியாக இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தைச் சந்தேகிக்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்னொரு பிள்ளை விடையைப் பார்க்காமலே அடுத்த கணக்குக்குப் போய்விடும். மனைக் கணக்கில் குறைக்குறி வந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்தின் அளவிலோ, பாலத்தின் பாரத்திலோ, பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான எண் வந்தால் யார் கண்டுபிடிப்பது? இன்று நாம் கேட்டவுடன் புரோகிராமை எழுதித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. எழுதும் வேலை எளிதாக எளிதாக, வந்த விடையைச் சந்தேகிக்கத் தெரிந்தவருக்கே மதிப்பு கூடும் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கடினமில்லை. பாதி வேலையைப் பாடநூலே செய்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில், சி பிளஸ் பிளஸ் புரோகிராமைப் பைத்தானிலிருந்து அழைப்பது பற்றித் தனிப்பாடமே இருக்கிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கும் அது தமிழிலேயே கிடைத்தது. இப்படி இணைப்பதற்கான 'சிடைப்ஸ்', 'ஸ்விக்', 'சைத்தான்' போன்ற கருவிகளின் பெயர்களும் அதில் வருகின்றன. கேரளத்திலும் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடநூல் தமிழில் வருகிறது. பள்ளியில் பைத்தானும் உண்டு. ஆனால் பரீட்சைக்கு வரும் கேள்விக்குப் பதிலாக மனப்பாடம் செய்வதோடு பெரும்பாலும் இது முடிந்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் ஒரு சிறு பயிற்சி கொடுக்கிறேன். சி மொழியின் கணித லைப்ரரியில் வர்க்கமூலம் காணும் வழிமுறை ஒன்று இருக்கிறது. அதைப் பைத்தானுடன் வரும் சிடைப்ஸ் மூலம் நேராக அழைக்கச் சொல்வேன். 16-ஐச் சரியான வகையில் கொடுத்தால் 4 வர வேண்டும் அல்லவா? வராது, சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் எண் வரும். காரணம், வேறு விதமாகச் சொல்லாத வரையில், கீழேயிருந்து திரும்பி வருவது முழு எண் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். உண்மையில் வருவது தசம எண். "திரும்பி வருவது இந்த வகை" என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் 4 வந்துவிடும். அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், இது நம்ம 'வெள்ளம்' மாதிரி இல்லா?" என்று கேட்டாள். மேலுறை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இந்தப் பெண்ணுக்கு அது ஏன் சட்டென்று பிடிபட்டது? வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவே வளர்கிறவள் அவள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு நாளும் இரண்டு மொழிகளுக்கு நடுவே மேலுறையாகவே வாழ்ந்து வருகின்றன. பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் வளரும் நம் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். மற்றவர்கள் முயன்று கற்க வேண்டியதை இவர்கள் பாதி கற்றே வருகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்கும், சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பைத்தான் வகுப்பில் சேர்க்கும் முன், "இதில் சி எவ்வளவு சொல்லித் தருவீர்கள்? நினைவகத்தில் எண் எப்படி வைக்கப்படுகிறது என்று சொல்லித் தருவீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பணத்தைக் கட்டும் முன் ஒரு தடவை யோசியுங்கள். அடுத்த கோடை விடுமுறையில் தமிழ் வகுப்போடு சேர்த்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. சி கம்பைலரும் இலவசம், பைத்தானும் இலவசம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றிருந்தால் போதும். முதல் வாரம் பத்து வரியில் ஒரு சி புரோகிராம்; இரண்டாம் வாரம் அதைக் கம்பைல் செய்வது; மூன்றாம் வாரம் பைத்தானிலிருந்து அதை அழைப்பது; நான்காம் வாரம் வேண்டுமென்றே பெரிய எண்ணைக் கொடுத்து அதைத் தவறவிட்டுப் பார்ப்பது. நான்கு வாரத்தில் ஒரு பிள்ளை சி மொழியில் தேர்ந்துவிடாது. ஆனால் விடை தவறாக வரும் நாளில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

அந்த வகுப்பைத் தமிழிலேயே நடத்துங்கள் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். ஆங்கிலச் சொற்கள் இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். இத்துறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியதிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கினால் போதும். ஒரு விஷயத்தைத் தாய்மொழியில் சொல்ல உட்காரும்போதுதான், அதை நாமே எவ்வளவு புரிந்து வைத்திருக்கிறோம் என்பதும் தெரிய வரும்.

பைத்தான் மட்டும் போதுமா என்று கேட்ட பெற்றோர்களுக்கு என் பதில் இதுதான். தொடங்குவதற்குப் போதும். ஆனால் பிள்ளை அதிலேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த யோசனையை ஏற்று எந்த ஊர்ச் சங்கமாவது வகுப்பு தொடங்கினால், பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.